அடிக்கிற புருஷனுக்கும் கீழ்ப்படியச் சொல்கிறதா வேதாகமம்?

கேள்வி: “கணவர் அடிக்கிறார். சபையில், மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 5:22-ஐக் காட்டிப் பொறுத்துப்போகச் சொல்கிறார்கள். பிரிந்து வந்தால் பாவமா?”

பாவமில்லை, சகோதரி. இதைச் சொல்லிவிட்டுத்தான் வசனங்களுக்குப் போக வேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கம், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவள். என் சித்தி மகளை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அத்தான் அடித்ததில் வலது மணிக்கட்டு முறிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுவாரமே ஐயர் (போதகரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) சமாதானம் பேச வந்தார். மல்கியா 2:16-ஐத் திறந்து, “தள்ளிவிடுதலை (மனைவியை விலக்கிவிடுவதை) நான் வெறுக்கிறேன்” என்று வாசித்துவிட்டு வேதப்புத்தகத்தை மூடினார். அக்கா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் அதை வாங்கினாள். “ஐயரே, வசனம் இன்னும் முடியவில்லையே” என்று மீதியை வாசித்தாள்: “அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்.” ஐயர் காபியைக் குடித்தார், சுருக்கமாக ஒரு ஜெபம் செய்தார், கிளம்பிவிட்டார்.

அந்த அதிகாரத்தில் இந்த வசனம் வரும் பகுதி, இளவயதில் கைப்பிடித்த மனைவிக்குத் துரோகம் செய்யும் ஆண்களைக் கண்டிக்கிறது. அதை எடுத்து, அடிவாங்கியவளின் வாயை அடைக்கிறார்கள்.

எபேசியரும் இதே கதைதான். 22-ஆம் வசனத்துக்கு முந்தைய வசனம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்கிறது. பிந்தைய வசனங்களில், தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லை என்று புருஷனுக்குப் பாடம் நடக்கிறது. கல்யாண ஆராதனையில் எல்லாவற்றையும் வாசிப்பார்கள். வீட்டில் அடி விழுந்த பிறகு ஒரே வரிதான் மிஞ்சும்.

1 பேதுரு 3 கடினமான பகுதி, மழுப்ப விரும்பவில்லை. புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் அந்த வசனம் “அந்தப்படி” என்று தொடங்குகிறது. எந்தப்படி? முந்தைய அதிகாரத்தில், முரட்டு எஜமான்களுக்கும் வேலைக்காரர் பணிந்திருக்கச் சொல்லியிருக்கிறது. ரோமப் பேரரசில் அடிமைமுறை சட்டப்படி நடந்த, வீட்டில் ஆணின் அதிகாரமே ஓங்கியிருந்த காலத்துக் கடிதம் அது. இன்று எந்தப் போதகரும் அதை வைத்து அடிமைமுறையை ஆதரிக்கத் துணியமாட்டார். மனைவிக்கு மட்டும் முதல் நூற்றாண்டு இன்னும் முடியவில்லை போலும்.

சரி, எபேசியரில் கீழ்ப்படியச் சொன்னதாக நாம் மேற்கோள் காட்டும் பவுல், தன்மேல் கைவைக்க வந்தபோது என்ன செய்தார்? தமஸ்குவில் கொல்லத் தேடியவர்களிடமிருந்து, மதிலில் இருந்த ஜன்னல் வழியாகக் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் வாரினால் கட்டி அடிக்கப் போனபோது, விசாரணையில்லாமல் ஒரு ரோமக் குடிமகனை “அடிக்கிறது உங்களுக்கு நியாயமா” என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). ஓடித் தப்பியதும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதும் அவருக்கு விசுவாசக் குறைவாகத் தெரியவில்லை. அதே மனிதர் சபைக் கண்காணி “அடிக்கிறவனாக” இருக்கக் கூடாது என்றும் 1 தீமோத்தேயு 3:3-இல் எழுதுகிறார். சபைத் தேர்தல் நேரத்தில் இந்த வசனத்தை எவரும் வாசித்து நான் கேட்டதில்லை.

கத்தோலிக்கராக இருந்தால், உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணையைவிட்டுப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டம் 1153 இடம் தருகிறது. சில சமயம் பிரிவது ஒழுக்கரீதியில் அவசியமாகிறது என்று போப் பிரான்சிஸும் 2016-இல் எழுதினார்.

நம் நாட்டுச் சட்டமும் வெகுகாலம் ஐயர் பக்கம்தான் இருந்தது. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவி விபசாரம் செய்தாள் என்பதே கணவனுக்குப் போதும். கிறிஸ்தவ மனைவிக்கோ கொடுமை மட்டும் போதாது, கணவனின் விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-இல்தான் இது திருத்தப்பட்டது.

விவாகரத்தைப் பிறகு யோசிக்கலாம். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 112. காயத்துக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து, எப்படிப் பட்டது என்று உள்ளபடியே சொல்லிப் பதிய வையுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மனு கொடுக்க ஐயரின் கடிதம் தேவையில்லை.