டிக்கெட்டை விற்றுவிடாதீர்கள்

நண்பரே, சனிக்கிழமை நம் அமெரிக்கக் கால்பந்து அணியோடு மோத வரும் எதிரணி ஆட்டத்துக்கு 50 புள்ளி குவிக்கிறது, நம் தாக்குதல் வரிசையோ நத்தை, டிக்கெட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

2012 நவம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழக அணியான ஆரிகனும் இப்படித்தான் இருந்தது. தோல்வியே காணவில்லை, ஆட்டத்துக்கு 50 புள்ளிக்கு மேல் சராசரி. அதன் சொந்த மைதானத்திலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணி கூடுதல் நேரத்தில் 17-14 என்று வென்றது. கைக்கு வந்த பந்தைக் கொடுக்க மனமில்லாத கஞ்சனைப் போல ஆடியது. அதன் ஓட்ட வீரர் ஸ்டெப்ஃபன் டெய்லர் பந்தோடு மூன்று யார்டு, நான்கு யார்டு என்று முட்டிக்கொண்டே இருந்தார், கடிகாரம் ஓடியது. பார்க்க அலுப்புதான். ஆனால் எதிரணியின் தாக்குதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் புள்ளி எங்கிருந்து வரும்?

எனக்கு மறக்காத காட்சி வேறு. ஆரிகனின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) மரியோட்டா 77 யார்டு பிய்த்துக்கொண்டு ஓடினார். எல்லாம் முடிந்தது என்று நினைக்கையில், ஸ்டான்ஃபோர்டின் தற்காப்பு வீரர் ஒருவர் விடாமல் துரத்திவந்து, எல்லைக்கு முன்னே 15 யார்டு கோட்டருகே வீழ்த்தினார். அந்த முறை ஆரிகனுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை ஸ்கோர் பலகையை விடுங்கள்; மூன்றாவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், நம்மவர்கள் எத்தனை முறை பந்தைத் தக்கவைக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முதல் பாதியிலேயே இரண்டு முறை பந்தை நழுவவிட்டால், வண்டி நிறுத்துமிடத்துக்கு உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன்.