‘இன்னும் எத்தனை நாளைக்குக் கொடுப்பது?’ உக்ரைன் நிதி பற்றித் தொகுதிக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடத் தொடங்கியிருக்கிறேன். உக்ரைன் பேச்சை எடுத்தாலே எங்கள் வீட்டில் சண்டைதான். “350 பில்லியன் டாலர் வரிப்பணம் போயாச்சு, போதும்” என்கிறார் மைத்துனர். “பாதியில் விட்டால் இதுவரை கொடுத்ததெல்லாம் வீண்” என்கிறாள் மகள். அடுத்த மாதம் எங்கள் காங்கிரஸ் உறுப்பினர் தொகுதிக் கூட்டம் நடத்துகிறார். ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று ஆசை. நட்பு நாட்டின் போருக்கு எத்தனை காலம் பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய ஏதாவது கணக்கு இருக்கிறதா?

பதில்: காலக்கெடு சொல்லும் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் இந்த விவாதத்தை உருப்படியாக நடத்த வழி இருக்கிறது. முதலில் தொகையைச் சரி செய்துகொள்வோம்.

350 பில்லியன் என்பது அதிபர் டிரம்ப் திரும்பத் திரும்பச் சொன்ன எண். காங்கிரஸ் ஒதுக்கியது அதில் ஏறக்குறைய பாதிதான். 2022 மார்ச்சுக்கும் 2024 ஏப்ரலுக்கும் இடையே ஐந்து கூடுதல் நிதிச் சட்டங்கள் நிறைவேறின. எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 175 பில்லியன் டாலர், அதாவது 17,500 கோடி. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு செய்த மொத்தச் செலவில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் முழுக்கக் கீவ் நகருக்குப் போகவில்லை. கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆயுதங்களுக்குப் பதிலாக அமெரிக்க ராணுவத்துக்குப் புதியது வாங்கவும், ஐரோப்பாவில் கூடுதலாக நிறுத்திய அமெரிக்கப் படைகளுக்கும் பெரிய பங்கு போனது. உங்கள் மாநிலத்து ஸ்க்ரான்டன் ஆலையில்தான் 155 மி.மீ. பீரங்கிக் குண்டின் உலோகக் கூடு தயாராகிறது. அயோவாவில் அதற்குள் வெடிமருந்து நிரப்புகிறார்கள். இதை மைத்துனரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சூடு தணியலாம்.

எந்த எண்ணையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 2023 ஜூனில் பென்டகன் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. கொடுத்த பழைய ஆயுதங்களுக்கு அவற்றின் அன்றைய மதிப்பை எழுதாமல், புதிதாக வாங்கினால் ஆகும் விலையை எழுதியிருக்கிறார்கள். வித்தியாசம் 6.2 பில்லியன் டாலர். ஆயுதம் ஏதும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கணக்கு மட்டும் மாறியது.

மகளின் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. கொடுத்த பணம் கொடுத்ததுதான், நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் அது திரும்பாது. ஆகவே ‘இவ்வளவு கொடுத்துவிட்டோம்’ என்பது நிறுத்தவும் காரணமாகாது, தொடரவும் காரணமாகாது. அடுத்த தவணை என்ன சாதிக்கும் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

அங்கே வந்ததும் ‘உதவி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு குழாய்கள் இருப்பது தெரியும். ஒன்று, கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது. 1961ஆம் ஆண்டின் அயலுதவிச் சட்டம் அதிபருக்குத் தரும் அதிகாரம் இது. வழக்கமான உச்சவரம்பு ஆண்டுக்கு 100 மில்லியன்தான், உக்ரைனுக்காகக் காங்கிரஸ் அதைப் பல பில்லியனாக உயர்த்தியது. இதை மூடினால் சில வாரங்களில் போர்முனையில் தெரியும். இரண்டாவது, தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தம் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்வது. இன்று ஒப்பந்தம் போட்டால் பொருள் வர இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். இன்று மூடினாலும் அதன் வலி பிறகுதான் தெரியும். மூன்றாவது, உக்ரைன் அரசு சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க உதவும் பட்ஜெட் நிதி. 2024இல் காங்கிரஸ் இதைக் கடன் என்று மாற்றியது, ஆனால் தள்ளுபடி செய்ய இடம் வைத்த கடன். அந்த நவம்பரிலேயே பைடன் அரசு சுமார் 4.65 பில்லியனைத் தள்ளுபடி செய்தது. எந்தக் குழாயைச் சொல்கிறோம் என்று தெரியாமல் ‘எத்தனை நாள்’ என்று கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும்.

இந்த விவகாரத்தில் எனக்கு மிக மோசமாகத் தோன்றுவது தொகையோ காலமோ கிடையாது, நடுவில் விழுந்த இடைவெளி. 2022 டிசம்பருக்குப் பிறகு அடுத்த நிதிச் சட்டம் 2024 ஏப்ரல் 24 அன்றுதான் கையெழுத்தானது. நடுவே 2023 அக்டோபரில் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியின் பதவியே பறிபோனது. செனட் 2024 பிப்ரவரியில் மசோதாவை நிறைவேற்றி அனுப்பியும் பிரதிநிதிகள் சபை இரண்டு மாதம் தொடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க உக்ரைன் பீரங்கிகள் குண்டுகளை எண்ணி எண்ணிச் சுட்டன. பிப்ரவரி 17 அன்று கிழக்கு உக்ரைனில் உள்ள அவ்தீவ்கா நகரை விட்டு உக்ரைன் படையினர் விலகினார்கள். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆள் பற்றாக்குறையும் இருந்தது. ஆனால் கடைசியில் எப்படியும் கொடுக்கப்போகிற பணத்தை நிலம் போன பிறகு கொடுப்பது எந்தக் கட்சிக் கொள்கைப்படியும் சிக்கனம் ஆகாது. கொஞ்சமாகக் கொடுங்கள், ஆனால் நிற்காமல் கொடுங்கள், இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்பது என் நிலைப்பாடு.

சரி, நிறுத்தினால் என்ன ஆகும்? வியட்நாமை எல்லாரும் சொல்வார்கள்: 1975 ஏப்ரல் 10 அன்று அதிபர் ஃபோர்டு தெற்கு வியட்நாமுக்கு 722 மில்லியன் டாலர் ராணுவ உதவி கேட்டார், காங்கிரஸ் தரவில்லை, 30ஆம் தேதி அதன் தலைநகர் சைகோன் விழுந்தது. அதற்குள் பணத்தால் ஆகக்கூடியது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பதால் எனக்கு அது அவ்வளவு நல்ல உதாரணமாகப் படவில்லை.

காபூலைப் பாருங்கள், 2021ஐ விட 1992ஐ. சோவியத் படைகள் 1989 பிப்ரவரி 15 அன்று வெளியேறின. அவர்கள் ஆதரவில் ஆப்கானிஸ்தானை ஆண்ட நஜிபுல்லா அரசு சில மாதம்கூடத் தாங்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அடுத்த மாதமே அந்த அரசை எதிர்த்த முஜாஹிதீன்கள் ஜலாலாபாத் நகரைத் தாக்கினார்கள், பிடிக்க முடியவில்லை. மாஸ்கோவிலிருந்து பணமும் கோதுமையும் எரிபொருளும் ஸ்கட் ஏவுகணைகளும் வந்துகொண்டிருந்தவரை அரசு நின்றது. 1991 செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதை 1992 ஜனவரி 1 முதல் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன. சம்பளம் நின்றதும் தோஸ்தும் போன்ற அரசுத் தரப்புத் தளபதிகள் கட்சி மாறினார்கள். ஏப்ரலில் அரசு கவிழ்ந்தது. பணம் மூன்று ஆண்டு அவகாசம் வாங்கிக் கொடுத்தது, அந்த மூன்று ஆண்டில் சமரசம் ஒன்றும் கைகூடவில்லை. உக்ரைனில் இன்னொரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ரஷ்யா யாரிடமும் உதவி வாங்கிப் பிழைக்கும் நாடு இல்லை. அதனால் இரு பக்கமும் குழாயை மூடுவது வாஷிங்டனால் முடியாது, ஒரு பக்கத்தை மட்டுமே மூட முடியும்.

நான் அதிகம் பாடம் எடுத்துக்கொள்வது எல் சால்வடோரிடம். 1980களில் அங்கே இடதுசாரி கெரில்லாக்களை எதிர்த்த அரசுக்கு அமெரிக்கா ஆண்டுதோறும் ஆயுதமும் பணமும் கொடுத்தது. 1989 நவம்பரில் அதே ராணுவம் ஆறு ஜேசு சபைக் குருமார்களையும், அவர்கள் வீட்டுப் பணிப்பெண்ணையும், அவருடைய மகளையும் சுட்டுக் கொன்றது. காங்கிரஸ் கொதித்தது. ஆனால் அடுத்த ஆண்டு போட்ட சட்டம் கொதிப்பில் எழுதியதாக இல்லை. 85 மில்லியன் டாலர் ராணுவ உதவியில் பாதியை நிறுத்திவைத்தார்கள். அரசு பேச்சுவார்த்தையை முறித்தால், அல்லது கொலையை விசாரிக்காவிட்டால் மீதிப் பாதியும் போகும். கெரில்லாக்கள் பேச்சை முறித்தாலோ வெளியிலிருந்து ஆயுதம் வாங்கினாலோ நிறுத்திய பாதி திரும்ப வரும். ஒரே சட்டம், இரு தரப்புக்கும் கடிவாளம். 1991 ஜனவரியிலேயே மூத்த புஷ் அந்தப் பாதியை விடுவிப்பதாக அறிவித்தார், ஆக ஏட்டில் இருந்தபடியே எல்லாம் நடக்கவில்லை. பனிப்போர் முடிந்ததும் இரு தரப்பும் களைத்துப் போனதும் சேர்ந்துதான் 1992 ஜனவரி 16 அன்று போரை முடித்துவைத்த சபுல்டெபெக் சமாதான உடன்பாடு வந்தது. இருந்தாலும் தேதி போட்ட கெடுவை விட இது எவ்வளவோ மேல். தேதி போட்டால் எதிரி காலண்டரைப் பார்த்துக் காத்திருப்பான். ‘எத்தனை காலமானாலும் கொடுப்போம்’ என்று 2022இல் ஜி7 தலைவர்கள் சொன்னது போன்ற வாக்குறுதியும் உதவாது, காசு காங்கிரஸ் கையில் இருக்கும்போது அதிபர் கொடுக்கும் அந்த வாக்கு எங்கும் செல்லுபடியாகாது.

மைத்துனர் பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அவர் சொல்லும் டாலர் எண் அது இல்லை. பேட்ரியட் இடைமறிப்பு ஏவுகணைகள் ஆண்டுக்குச் சில நூறுதான் உற்பத்தியாகின்றன. உக்ரைனுக்கும் வேண்டும், இஸ்ரேல், வளைகுடா நாடுகள், தைவான் பக்கம் என்று எல்லா இடத்துக்கும் வேண்டும். பணத்தை அச்சடிக்கலாம், இதை முடியாது.

இன்னொன்று, நீங்கள் இந்த விவாதத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறீர்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அந்த அளவில் புதிய நிதி எதுவும் நிறைவேறவில்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு உதவியைச் சில நாள் நிறுத்தி, சவுதியின் ஜெட்டாவில் உக்ரைனுடன் நடத்திய பேச்சுக்குப் பின் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு கோடையிலிருந்து ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் காசு போட்டு அமெரிக்க ஆயுதம் வாங்கி உக்ரைனுக்குத் தரும் ஏற்பாடு வந்துவிட்டது. 2025 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் 2026, 2027 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் உக்ரைனுக்கு ஆண்டுக்கு 400 மில்லியன் டாலர் அனுமதிக்கிறது. பழைய தொகைக்கு முன்னால் அது சில்லறை. அதே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு ஆண்டுகளுக்கு 90 பில்லியன் யூரோ கடன் தர முடிவெடுத்தது. ஆக, ‘போதும்’ என்ற முடிவைப் பெரும்பாலும் எடுத்தாகிவிட்டது. அப்புறம் மிச்சம் இருப்பது உளவுத் தகவல், ஏவுகணை வரிசையில் யாருக்கு முன்னுரிமை, ரஷ்யா மீதான தடை ஆகியவைதான்.

கூட்டத்தில் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். நானாக இருந்தால் இப்படிக் கேட்பேன்: “உக்ரைன் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினால் எந்த உதவி எவ்வளவு குறையும், ரஷ்யா விலகினால் எந்த உதவி எவ்வளவு கூடும், எந்தத் தடை இறுகும் என்பதைச் சட்டத்திலேயே எழுதும் மசோதா வந்தால் ஆதரிப்பீர்களா?” 2025 அக்டோபரில் ராஸ்நெஃப்ட், லுக்கோயில் ஆகிய இரண்டு ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மீது வாஷிங்டன் தடை போட்டது. உதவியைக் கூட்ட மனமில்லாத உறுப்பினர்கூட அந்த வழியில் பதில் சொல்ல இடம் இருக்கிறது.

போவதற்கு முன் 2024 ஏப்ரல் 20 வாக்கெடுப்பைப் பார்த்துவிடுங்கள். பிரதிநிதிகள் சபையில் உக்ரைன் மசோதா 311-112 என்று நிறைவேறிய நாள் அது. யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியல் சபைச் செயலரின் இணையதளத்தில் இருக்கிறது. அப்போதே பதவியில் இருந்தவர் என்றால், கேள்வியை அந்த ஓட்டிலிருந்து தொடங்குங்கள். 2024 நவம்பரில்தான் ஜெயித்தவர் என்றால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது, நேராக மசோதா கேள்விக்கே போய்விடலாம்.