காலையில் எழுந்ததும் வரும் அசதிக்குச் சீன மருத்துவமும் அக்குபிரஷரும் உதவுமா?

ஓரளவு உதவும். அக்குபிரஷர் என்பது உடம்பின் சில குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் முறை. ஆனால் அழுத்த வேண்டிய முக்கியமான நேரம் காலை அல்ல, முந்தைய இரவு.

எட்டு மணி நேரம் தூங்கியும் உடம்பு எழ மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விழித்த பிறகு 15 முதல் 30 நிமிடம் வரை மந்தமாக இருப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். அதற்கு வைத்தியம் வேண்டாம். குளித்து, கோப்பி குடித்து, பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் கைகால் கனக்கிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

நான் இருப்பது சிங்கப்பூரில். எங்கள் புளோக்குக்குக் கீழேயே ஒரு சீன மருந்துக்கடை. வாரத்தில் சில நாள் அங்கே சின்சே உட்காருவார். இங்கே தமிழர்களும் சீன வைத்தியரைச் சின்சே என்றுதான் சொல்வோம். என் அசதியைச் சொன்னதும் இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் பல் பதிந்த தடம், மேலே தடித்த வெள்ளைப் படிவம். இரவு எத்தனை மணிக்குச் சாப்பாடு, ஐஸ் போட்டுக் குடிக்கிற பழக்கம் உண்டா, மலம் இளகிப் போகிறதா என்று ஒரு விசாரணையே நடந்தது. கடைசியில் சொன்னது: மண்ணீரலில் சீ, அதாவது உயிராற்றல், குறைவு; உடம்பில் ஈரம் தேங்கியிருக்கிறது.

சின்சேக்கள் மண்ணீரல் என்று சொல்வது ஸ்கேனில் தெரிகிற உறுப்பை மட்டும் அல்ல. உண்ட சோறு தெம்பாக மாறும் வேலை மொத்தத்துக்கும் அதுதான் பொறுப்பு. அது தளர்ந்தால் ஈரம் சேர்ந்து, நனைந்த துணியைச் சுற்றிக்கொண்ட மாதிரி தலையும் கைகாலும் கனக்கும் என்பது அவர்கள் கணக்கு. இந்த ஈரத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆனாலும் அந்தக் கணக்கிலிருந்து வந்த புத்திமதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை: இரவு பதினொரு மணிப் புரோட்டாவை விடு, ஐஸ் மைலோவை விடு, காலையில் சூடாகக் கஞ்சி குடி. எந்த வீட்டுப் பாட்டியும் இதையேதான் சொல்லியிருப்பார்.

உறுப்புக் கடிகாரம் என்று ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: 3 முதல் 5 மணி நுரையீரல், 5 முதல் 7 பெருங்குடல், 7 முதல் 9 வயிறு என்று. அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்தால் நுரையீரலில் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் இருக்க அது ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் நான் மதிப்பதில்லை.

மருந்து கொடுக்கும் முன் அந்தச் சின்சேயே என்னைப் பாலிகிளினிக்குக்கு அனுப்பி ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னார். அவர் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாமே காலை அசதியாகத்தான் முகம் காட்டும். இந்தியாவில் 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு வேண்டியது இரும்புச்சத்து. கால் புள்ளிகளை எவ்வளவு அழுத்தினாலும் ஹீமோகுளோபின் ஏறாது. குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால், தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசதி தொடர்கிறதா? அப்போது அக்குபிரஷர். இரவில் அழுத்தச் சொல்வதற்குக் காரணம் ஓர் ஆய்வு. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தும் தீராத சோர்வோடு இருந்த பெண்களிடம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் நடத்தியது. 2016இல் ஜாமா ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழு தூண்டும் புள்ளிகளையும், இன்னொரு குழு தளர்த்தும் புள்ளிகளையும் தாங்களே தினமும் அழுத்தினார்கள். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 6 வாரத்தில் சோர்வு இயல்பு நிலைக்கு இறங்கியவர்கள்: தளர்த்தும் குழுவில் 66.2 சதவீதம், தூண்டும் குழுவில் 60.9, மூன்றாவது குழுவில் 31.3. தூக்கத்தின் தரத்திலும் முன்னேற்றம் தந்தது தளர்த்தும் புள்ளிகள்தான்; இரவைச் சொல்வது அதனால்தான். பொய்யான புள்ளிகளை அழுத்திய குழு ஒன்று அதில் இல்லை. அதனால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, புள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர்கள் நோயிலிருந்து மீண்டவர்கள், நாம் வேறு. இருந்தும், பைசா செலவில்லாத ஒரு காரியத்துக்கு இந்த ஆதாரம் எனக்குப் போதும்.

தளர்த்தும் ஐந்து இடங்கள் இவை. புருவங்களுக்கு நடுவே யின்தாங். பொட்டு வைக்கும் இடம்தான், தேட வேண்டாம். காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்புக்கும் பின்மண்டைக்குக் கீழே உள்ள குழிக்கும் இடையில் அன்மியான். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் ஓரத்துப் பள்ளத்தில் ஷென்மென். உள் கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் மேலே, முன்னங்கால் எலும்பை ஒட்டிப் பின்புறம் சான்யின்ஜியாவ். அழுத்தினால் பலருக்கு ‘ஆ’ என்று வரும். கடைசியாகப் பாதத்தின் மேல் தைசோங். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஆரம்பித்து மேல்நோக்கி வருடிக்கொண்டே போனால், இரண்டு எலும்பும் நெருங்குகிற இடத்தில் ஒரு குழி தட்டுப்படும், அது. அந்த ஆய்வில் ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம். நான் படுக்கையில் உட்கார்ந்து, போனைத் தூர வைத்துவிட்டுச் செய்கிறேன். பாதிப் பலன் போனைத் தூர வைத்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.

காலையில் நான் செய்வது குறைவு. உச்சந்தலை நடுவே பைஹுய்யை விரல் நுனியால் தட்டுவேன். அப்புறம் ஸூசான்லி: முட்டிச் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் அகலம் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம். சரியான இடத்தில் கட்டைவிரலை ஊன்றினால் மந்தமான ஒரு வலி பாதம் நோக்கி இறங்கும். சோர்வு என்று போனால் சின்சேக்கள் பெரும்பாலும் கை வைக்கும் இடம் இது. வலி பொறுக்கும் அளவில் இருக்கட்டும். கன்னிப்போகும்வரை அழுத்துவது முரட்டுத்தனம்.

கர்ப்பிணிகள் சான்யின்ஜியாவையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள ஹெகுவையும் தொட வேண்டாம். இரண்டையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது மரபு. காலில் ரத்தக்கட்டி, புண், வெரிகோஸ் நரம்பு இருந்தாலும் அங்கே அழுத்தக்கூடாது.

மூலிகைக்கு வந்தால் இவ்வளவு தாராளமாக என்னால் பேச முடியாது. மண்ணீரல் தளர்ச்சிக்குப் பேர்போன கஷாயம் பூ சோங் யீ சீ தாங்; 13ஆம் நூற்றாண்டில் லி துங்யுவான் வகுத்தது. ஹுவாங் சீ வேர், ஜின்செங், அதிமதுரம் எல்லாம் அதில் சேரும். அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறலாம். ஜின்செங், கோஜிப் பழம் இரண்டுமே, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையோடு மோதக்கூடியவை. எனவே கடையில் பாக்கெட்டாக வாங்கி நீங்களே கொதிக்கவைக்காதீர்கள். உங்கள் மாத்திரைப் பட்டியலைக் காட்டிவிட்டு வாங்குங்கள். ஆரோக்கியமானவர் ரெட் டேட்ஸ் எனப்படும் சீன இலந்தைப்பழம் நாலைந்தைக் கீறிப் போட்டு வெந்நீர் குடிப்பதில் தப்பில்லை. ருசிக்காகவே குடிக்கலாம்.

தைராய்டு மாத்திரையை நிறுத்து, சர்க்கரை மாத்திரையை நிறுத்து, ஒரு விரல் வைத்தால் போதும் என்று எவராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஊரில் என் உறவுக்காரர் ஒருவருக்கு இப்படி அறிவுரை கிடைத்தது. பிறகு வீங்கிய முகத்தோடு மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவு இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டே போங்கள். கையில் காசு இறுக்கம் என்றால் சின் சுவீ ரோட்டில் தோங் சாய் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1867இல் தொடங்கியது. இனம், மதம் பாராமல் இலவசமாகப் பார்ப்பார்கள், நம்மவர்களும் போகலாம்.