மூச்சு முட்டுவது எங்கே தொடங்குகிறது? மூளை பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

நரம்பியல் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

பாம்பனில் பாசி எடுக்கும் ஒரு பெண்: சிஸ்டர், முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் அதிக நேரம் தம் கட்டலாம் என்று இளம்பிள்ளைகள் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம் தாயி. மூளையின் அடியில், தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் முகுளம் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. மூச்சு விடச் சொல்லி உத்தரவு போடுவது அதுதான். ஆக்சிஜன் குறைவதைவிட, ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதைத்தான் அது முதலில் கவனிக்கும். வாயு கூடினால் மூச்சு முட்டும், மேலே வந்துவிடுவோம்.

வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, ரத்தம் ஏற்கெனவே அதை நிறைய ஏந்தியிருக்கும். கரியமில வாயு மட்டும் வெளியேறிவிடும். அதனால் மூச்சு முட்டுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள்.

ஒருவர் முங்கினால் இன்னொருவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். மூச்சில்லாமல் தூக்கினால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மார்பை அழுத்துங்கள். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனாலே மூளைச் செல்கள் சாகத் தொடங்கும்.

தங்கச்சிமடம் மாணவர்: மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமா?

இல்லை தம்பி. முழுவதையும் பயன்படுத்துகிறோம், தூங்கும்போதும் அது ஓய்வதில்லை. எடை கிட்டத்தட்ட 1.4 கிலோ, அதாவது உடம்பில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது.

தொண்டி மீனவர்: ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டுக் கரையேறினால் தரை ஆடுகிறதே?

பயப்படாதீர்கள் அண்ணே. படகு ஆடும் விதத்தை மூளை பழகிக்கொள்கிறது. உள்காது, கண், பாதம் மூன்றும் தரும் சேதியைச் சேர்த்து உடம்பை நிறுத்துவதில் பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. தரைக்கு மாற அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. ஆனால் கடலுக்கே போகாத ஒருவர் திடீரென்று தள்ளாடி, பேச்சும் குழறினால் அது வேறு விஷயம். அடுத்த பதிலையும் படியுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு மகள்: உம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. நாங்கள் சொல்வது புரிகிறது, பதில் மட்டும் வரவில்லை. அழுகிறார்கள்.

அந்த அழுகை எனக்குத் தெரியும் மகளே, வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெருமூளையிலிருந்து இறங்கும் நரம்புகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறுவதால், இடது மூளை கெட்டால் வலது பக்கம் விழும். பலருக்குப் பேச்சும் இடது பக்கத்தில்தான். 1861-இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஒரே ஒலியை மட்டும் சொன்ன நோயாளியின் மூளையைப் பார்த்து, பேச்சை உருவாக்கும் இடம் இடது முன்பகுதியில் இருக்கிறது என்று சொன்னார். புரிந்துகொள்ளும் இடம் அதற்குப் பின்னால், காதுக்கு அருகே.

அதனால் உம்மாவை வைத்துக்கொண்டு "இவங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்று யாரையும் பேச விடாதீர்கள். ஆமாம், இல்லை என்று தலையசைக்கும்படி கேளுங்கள். சிறு வயதிலிருந்து ஓதிவரும் சூராவை மெதுவாகச் சேர்ந்து ஓதிப் பாருங்கள். மனப்பாடமானவை சிலருக்குத் தடையில்லாமல் வரும். பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள், முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து: வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?

பலனில்லை. மூளைச் செல்களில் மின்சாரம் கட்டுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அப்போது சாவி நிறுத்தியதாகத் தோன்றும். வாயில் எதையும் திணிக்காமல், தலைக்கடியில் துணி வைத்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தண்ணீரில் இருக்கும்போது வந்தாலோ உடனே 108.