ஏற்காடு தோட்டத்து மண் அணை: கசிவும் பட்டாவும்

வணக்கம் நண்பரே. ஏற்காட்டில் வாங்கிய காப்பித் தோட்டத்தில் ஓடையை மறித்த பழைய மண் அணை, கரையடியில் கசிவு, உடைந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று கீழ்த் தோட்டக்காரர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

முதலில் கசிவைப் பாருங்கள். கண்ணாடி டம்ளரில் அந்த நீரைப் பிடித்து வையுங்கள். தெளிவாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது. அன்றே மதகைத் திறந்து, கீழே இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நீரை மெல்ல இறக்குங்கள், சட்டென்று வடித்தால் உட்பக்கக் கரை சரியும். வெளிப்புறம் சிமெண்ட் பூசி அடைக்கவே கூடாது, நீர் வேறிடத்தில் பீறிடும். கசியும் இடத்தில் மணலும் அதன்மேல் ஜல்லியும் போட்டால் நீர் வடியும், மண் நிற்கும். ஐப்பசி மழைக்கு முன் கலிங்கை, அதாவது மிகுநீர் வழிந்தோடும் வழியை, சுத்தம் செய்யுங்கள்.

உரிமைக்குப் பத்திரம் மட்டும் போதாது. வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்ற பதிவு), புலப்படம் (நில எல்லை வரைபடம்) இரண்டையும் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அந்த இடம் அரசுடையது, தாசில்தாரிடம் போங்கள். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள அணைகளைத் தொடாது. ஆனாலும் உடைந்து பக்கத்துத் தோட்டம் போனால் நஷ்டஈடு வழக்கு வரலாம்.

கரை உயரத்தையும் கசிவுநீரின் நிறத்தையும் இங்கே எழுதுங்கள்.