பள்ளியில் பட்ட கேலி: கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: வயது 29. எட்டாம் வகுப்பு முழுக்க என்னைக் 'கருவாயா' என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் ஆபீஸில் பின்னால் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று வியர்த்துவிடுகிறது. இத்தனை வருஷம் கழித்துமா?

ப: ஆமாம். பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி வதைபட்டவர்களுக்கு 45 வயதில்கூட மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்ததை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உங்களுக்கு ஆனது பதினாறு வருஷம்தானே. சிரிப்புச் சத்தம் கேட்டால் உஷாராக வேண்டும் என்று அந்த வகுப்பில் மனசு கற்றுக்கொண்டது, அப்போது அது சரியான பாடம். ஆபீஸ் வேறு இடம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை) தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள், இது மாற்றக்கூடிய பழக்கம்.

கே: நாங்களும்தான் பட்டப்பெயர் வாங்கினோம், நன்றாகத்தானே இருக்கிறோம்?

ப: உங்களுக்குப் பெயர் வைத்தவனுக்கு நீங்களும் ஒன்று வைத்திருப்பீர்கள், சாயங்காலம் அவனோடுதான் கிரிக்கெட். திருப்பிச் சொல்ல முடியாத ஒருவனைத் தினமும் பத்துப் பேர் சேர்ந்து சொல்வது வேறு கதை.

கே: ஏழாம் வகுப்பு மகனுக்குத் திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. ஞாயிறு நன்றாக ஓடி ஆடுகிறான். நடிக்கிறானா மேடம்?

ப: இல்லைம்மா, பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 'யாராவது அடிச்சாங்களா' என்று கேட்டால் 'இல்ல' என்று முடித்துவிடுவான். டிபன் பாக்ஸை யாரோடு திறந்தான், வேனில் எங்கே உட்கார்ந்தான், இதைக் கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் 'நீயும் ரெண்டு போடு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவனால் முடிந்திருந்தால் வயிறு ஏன் வலிக்கப்போகிறது? தேதியோடு எழுதிக்கொண்டு போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்க வேண்டாம்.

கே: தங்கை 'செத்துடலாம்போல இருக்கு' என்கிறாள். அதைப் பற்றிப் பேசினால் இன்னும் தூண்டிவிடுமோ?

ப: தூண்டாது. நேராகவே கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கே: நான் கேலி செய்த பக்கம். இப்போது மன்னிப்பு கேட்கலாமா?

ப: கேளுங்கள், ஆனால் பழைய மாணவர் குரூப்பில் எல்லார் முன்னாலும் வேண்டாம், அது அவரை மறுபடி அதே வகுப்பில் நிறுத்துவதுதான். தனியாக ஒரே ஒரு மெசேஜ், என்ன செய்தீர்கள் என்பதை மழுப்பாமல் சொல்லி. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.