கல்விக்கடன்: படிக்கும்போதே வட்டி கட்டலாமா?

கேள்வி: மகனுக்குக் கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. 4 லட்சம் கல்விக்கடன் வாங்குகிறோம். "அரசாங்கக் கடன்தானே, எப்படியும் ஒருநாள் தள்ளுபடி ஆகிவிடும், இப்போதே வட்டி கட்டாதீர்கள்" என்கிறார் என் கொழுந்தனார். கட்டவா, விடவா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கட்டுங்கள் அம்மா. தள்ளுபடியை நம்பி இருக்காதீர்கள்.

அந்த 4 லட்சம் அரசாங்கப் பணம் இல்லை, உங்களைப் போன்றவர்கள் வங்கியில் போட்டுவைத்த டெபாசிட். அரசு தருவது வட்டி மானியமும் உத்தரவாதமும்தான். அடமானம் இல்லாத கல்விக்கடன் 7.5 லட்சம் வரை உத்தரவாதத் திட்டத்தில் சேரும். கடன் திரும்பி வராமல் போனால் 75 சதவீதம் வரை வங்கிக்கு ஈடு கிடைக்கும், மிச்சம் வங்கியின் தலையில். ஈடு வங்கிக்குத்தான். உங்கள் மகன் பெயரில் கடன் அப்படியே நிற்கும், கடன் கட்டிய வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலிலும் ஏறும்.

வட்டிக்கடையும் ஐந்தொகைக் கணக்குமாக வாழ்ந்த உங்கள் செட்டிநாட்டில் இதற்கு மேல் விளக்க வேண்டுமா? முன்னால் படித்தவன் கட்டும் தவணைதான் அடுத்தவனுக்கு ஃபீஸாகப் போகிறது. வாராக்கடன் குவிந்த கிளையில் மேலாளர் புது விண்ணப்பத்தைத் தயங்கித்தான் தொடுவார். யாரோ கட்டாததற்கு இந்த வருடத்துப் பிள்ளை வங்கிக்கும் வீட்டுக்குமாக அலைகிறது. எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான்.

இனி உங்கள் கணக்கு. வருடம் 1 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். அதுவரை தனிவட்டியே 1,40,000 ரூபாய். அது முதலோடு சேர்ந்து 5,40,000 ஆகும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 7,100. வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் சுமார் 5,300 போதும். முதல் வருடத்தில் மாத வட்டி 833 ரூபாய்தான், நாலாம் வருடத்தில் 3,333 ஆகும். படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் வரை குறைக்கின்றன. கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரம் (இரண்டும் தரச்சான்று தரும் அமைப்புகள்) இருந்தால், தொழிற்படிப்புக்குப் படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் ஓடும் வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும். படிப்பைப் பாதியில் விட்டால் அந்த மானியம் போய்விடும். இதற்கு வருமானத்தைக் காட்ட வேண்டும், அதனால் கையெழுத்துப் போடும் முன்பே தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.